பெல்வியூவின் சுரங்கத்திற்குக் காசு கொடுத்தது யார்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்வியூ நகராட்சிக் கட்டடத்தை ஒட்டிப் போகும் 110-ஆவது அவென்யூவின் அடியில் ஒரு ரயில் சுரங்கம் இருக்கிறது. நீளம் 2,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 2017 பிப்ரவரியில் தோண்ட ஆரம்பித்து, 2018 ஜூலையில் மறுமுனையைத் தொட்டார்கள். சுரங்கம் குடையும் ராட்சத எந்திரம் எதுவும் கொண்டுவரவில்லை. சில அடி தோண்டுவது, உடனே சுவரில் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பது, அது இறுகியதும் மறுபடி சில அடி தோண்டுவது என்றே வேலை நடந்தது. உலகத்துச் சுரங்கங்களோடு ஒப்பிட்டால் இது பொடிசுதான். ஆனால் இதற்குப் பணம் வந்த வழியைப் பார்த்தால், பெரிய நகரத்தின் நிழலில் இருக்கும் ஒரு புறநகர், தன் எல்லையைத் தாண்டி ஓடும் ரயிலுக்கும் சாலைக்கும் எப்படிக் காசு திரட்டுகிறது என்பது நன்றாகப் புரியும்.

முதல் விஷயம், அந்த ரயில் பெல்வியூவுடையது அல்ல. தண்டவாளம், நிலையம், வண்டி எல்லாமே சவுண்ட் டிரான்ஸிட் என்ற வட்டாரப் போக்குவரத்து அமைப்பின் சொத்து. பெல்வியூ அந்தப் பாதையில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். அப்படியிருந்தும் நகர மையத்தில் ரயில் தரைக்கு அடியில்தான் போக வேண்டும் என்று பெல்வியூ கேட்டது. கேட்டதோடு நிற்காமல் செலவில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொண்டது: 16 கோடி டாலர் வரை. ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஓர் ஊர், தனக்குச் சொந்தமில்லாத ரயிலுக்கு இவ்வளவு தொகையை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலுக்குக் கிழக்கே வாஷிங்டன் ஏரி, அதன் கிழக்குக் கரையில் பெல்வியூ. 1940-இல் ஏரியின் மேல் முதல் மிதவைப் பாலம் போடும்வரை சியாட்டிலிலிருந்து படகில் வர வேண்டும், அல்லது ஏரியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஏரி ஆழம், அடிமண் சேறு. அதனால் தூண் நட முடியாமல் கான்கிரீட் மிதவைகளின் மேல் சாலையைப் போட்டார்கள். 1963-இல் வடக்கே இரண்டாவது மிதவைப் பாலம் வந்தது. இடையில் 1953-இல் பெல்வியூ தனி நகரமானது. அப்போது அங்கே இருந்தவர்கள் 6,000 பேர் அளவில்தான். பக்கத்து ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் தலைமையகம் வந்தது, பிறகு பெல்வியூவிலேயே அமேசானின் அடுக்குமாடிகள் எழுந்தன. அந்த வேலைகளுக்காகக் குடிபோன தமிழ்க் குடும்பங்களுக்கு 405, 520, ஐ-90 என்ற சாலை எண்கள் சொந்த ஊர் பஸ் ரூட் எண்களைப் போல மனப்பாடம். பெல்வியூவில் யாரைக் கேட்டாலும் நெரிசலைப் பற்றிப் புலம்ப ஒரு கதை இருக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மேலே சொன்ன மூன்று சாலைகளில் ஒன்றுகூட நகராட்சியுடையது அல்ல. மூன்றும் மாநில அரசின் பொறுப்பு.

நெரிசல் ஊருக்குள், அதைத் தீர்க்கும் அதிகாரம் ஊருக்கு வெளியே. புறநகர் நகராட்சிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் தலைவலி. சரி, வெளியே இருக்கும் பணத்தை உள்ளே இழுப்பது எப்படி?

ஒவ்வொரு உண்டியலுக்கும் ஒரு பூட்டு

வாஷிங்டன் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. அரசு ஓடுவது பெரும்பாலும் விற்பனை வரியிலும் சொத்து வரியிலும் வணிக வரியிலும்தான். போக்குவரத்துக்கு என்று பார்த்தால் பெட்ரோல் வரி பெரிய வருவாய். ஆனால் அதற்கு ஒரு பூட்டு உண்டு. 1944-இல் மாநில அரசியல் சட்டத்தில் கொண்டுவந்த 18-ஆவது திருத்தத்தின்படி, பெட்ரோல் வரிப் பணத்தை நெடுஞ்சாலை சார்ந்த வேலைகளுக்கு மட்டுமே செலவழிக்கலாம். ரயிலுக்குத் தொடக் கூடாது.

இந்தப் பூட்டு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஏரியைத் தாண்டும் ஐ-90 பாலத்தின் நடுத் தடங்களில் ரயில் விடுவது என்று முடிவானபோது, பெல்வியூ ஸ்கொயர் வணிக வளாகத்தின் உரிமையாளர் கெம்பர் ஃப்ரீமன் வழக்குப் போட்டார். அந்தத் தடங்களைக் கட்டியதில் பெட்ரோல் வரிப் பணம் இருக்கிறது, அதை எப்படி ரயிலுக்குக் கொடுக்கலாம் என்பது அவருடைய வாதம். மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், 2011-இல் ஒரு முறையும் 2013-இல் ஒரு முறையும் தோற்றார். நெடுஞ்சாலைக் கணக்குக்கு உரிய தொகை திரும்பச் சேர்ந்துவிட்டால் தடங்களை ரயிலுக்கு விடலாம் என்ற வழிதான் நிலைத்தது. அந்த நடுத் தடங்களைப் பிற்காலத்தில் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றலாம் என்று சியாட்டில், பெல்வியூ, மெர்சர் தீவு, மாவட்டம், மாநிலம் எல்லோரும் 1976-இலேயே ஓர் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தடங்களைக் கட்டுமுன் எழுதிய ஒரு காகிதம் முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு ரயிலைக் காப்பாற்றப் பேருதவியாக இருந்தது. வட்டாரத் திட்டங்களில் பணத்துக்கு அடுத்தபடி மதிப்புள்ளது பழைய காகிதம்தான் என்று எனக்குத் தோன்றும்.

பெட்ரோல் வரி ஆகாது என்றால் ரயிலுக்குப் பணம்? அதற்குத்தான் சவுண்ட் டிரான்ஸிட். கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் ஆகிய மூன்று மாவட்டங்களின் நகர்ப்பகுதிகள் சேர்ந்த அமைப்பு இது. அதன் வரி எதுவானாலும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். 1995-இல் கேட்டார்கள், மக்கள் முடியாது என்றார்கள். திட்டத்தைச் சிறிதாக்கி 1996-இல் மறுபடி கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள். 2007-இல் சாலை விரிவாக்கத்தையும் ரயிலையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாக்கெடுப்புக்கு வைத்தார்கள். சாலை வேண்டாதவர்களும் எதிர்த்தார்கள், ரயில் வேண்டாதவர்களும் எதிர்த்தார்கள், மூட்டை கவிழ்ந்தது. மறு வருஷமே சாலையைக் கழற்றிவிட்டு ரயிலை மட்டும் முன்வைத்தார்கள். 2008 நவம்பரில் சுமார் 57 சதவீத ஆதரவோடு வென்றது. ஏரியைத் தாண்டி பெல்வியூ வரும் ‘ஈஸ்ட் லிங்க்’ பாதை பிறந்தது அந்த வாக்கெடுப்பில்தான். விற்பனை வரியில் சவுண்ட் டிரான்ஸிட்டின் பங்கு 0.4 சதவீதத்திலிருந்து 0.9 ஆனது. அதாவது 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் 90 சென்ட் ரயிலுக்கும் விரைவுப் பேருந்துக்கும் போகும். 2016-இல் வந்த மூன்றாம் கட்டத்தில் இன்னும் 50 சென்ட் கூடியது.

இங்கேதான் புறநகர்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. சவுண்ட் டிரான்ஸிட் தன் பகுதியை ஐந்து துணை வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த வட்டாரத்தில் வரி வசூலாகிறதோ, அந்தப் பணம் அந்த வட்டாரத்துக்குப் பயன்படும் வேலைக்கே போக வேண்டும். பெல்வியூவும் ரெட்மண்டும் இருப்பது கிழக்கு கிங் வட்டாரத்தில். பணக்கார ஊர்கள், பெரிய கடைவீதிகள், வசூல் கொழிக்கும். பெரிய அண்ணனான சியாட்டில் நம் பணத்தை எடுத்துத் தன் சுரங்கங்களுக்குப் போட்டுக்கொள்ளும் என்ற பயம் இந்த விதி இருப்பதால்தான் அடங்கியது. இது இல்லாமல் ஏரியின் கிழக்குக் கரை வாக்காளர்கள் இந்த வரிக்குச் சம்மதித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஏழை வட்டாரத்துக்கு இதே விதி பாதகம் என்பதையும் சொல்ல வேண்டும். வசூல் குறைவான தெற்குப் பகுதிகள் தங்கள் ரயிலுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சுரங்கப் பேரம்

வாக்கெடுப்பு நடந்த சமயத்திலேயே 2008-இன் பொருளாதாரச் சரிவு முற்றியது. கடைகளில் கூட்டம் குறைந்தது, விற்பனை வரி குறைந்தது, சவுண்ட் டிரான்ஸிட்டின் கணக்கு தள்ளாடியது. 2008 திட்டத்தின் செலவுக் கணக்கில் பெல்வியூ மையத்துக்குச் சுரங்கம் இல்லவே இல்லை. இருக்கிற பணத்துக்குத் தரையில் போகலாம், அல்லது தூண் மேல் போகலாம் என்பதுதான் அவர்கள் நிலை.

பெல்வியூ நகர மன்றத்துக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. தரையில் போனால் ஏற்கெனவே திணறும் சந்திப்புகளில் சிக்னலுக்குச் சிக்னல் ரயிலும் காரும் மோதிக்கொள்ளும். தூண் மேல் போனால் வளர்ந்துவரும் நகர மையத்தின் நடுவே ஒரு கான்கிரீட் மேம்பாலம். மன்றத்துக்குள்ளேயே எந்தத் தெரு வழியாக ரயில் வரவேண்டும் என்பதில் வருஷக்கணக்காக இழுபறி. தெற்கே இருந்த குடியிருப்புப் பகுதிக்காரர்கள் சத்தத்துக்குப் பயந்தார்கள். நகர மையத்து வியாபாரிகளுக்கு வாகன நெரிசல் கவலை. ஆனால் சுரங்கம் வேண்டும் என்பதில் மட்டும் பலரும் ஒன்றுபட்டார்கள்.

சுரங்கத்துக்கான கூடுதல் செலவு ஏறத்தாழ 32 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2011 நவம்பரில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பெல்வியூ அதில் பாதியை ஏற்றது. ஏற்ற விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 16 கோடியில் 10 கோடி டாலர் உறுதியான பங்கு. மீதி 6 கோடி நிபந்தனையோடு வந்தது: பாதையின் மற்ற இடங்களில் இரு தரப்பும் சேர்ந்து செலவைக் குறைத்தால் அந்த அளவுக்கு இந்த 6 கோடியும் குறையும். உறுதியான பங்கையும் மொத்தமாக ரொக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை. ரயிலுக்குத் தேவைப்படும் நகராட்சி நிலம், சாலை ஓர உரிமை, தெருவுக்கு அடியில் போகும் குழாய்களை இடம் மாற்றிக் கொடுக்கும் வேலை போன்றவற்றின் மதிப்பையும் கணக்கில் வரவு வைக்க இடம் இருந்தது.

நகராட்சியிடம் பெட்டி நிறையப் பணம் இருக்காது, நிலம் இருக்கும். அனுமதி தரும் அதிகாரம் இருக்கும், தெருவைத் தோண்ட விடும் உரிமை இருக்கும். இவற்றையெல்லாம் பணமாக மதிப்புப் போடவைப்பதுதான் சாமர்த்தியம். கல்யாணத்தில் மொய் வைத்தவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விடுவார், பந்திச் செலவில் பாதியை ஏற்ற சித்தப்பாதான் சமையல்காரரைக் கூப்பிட்டு மெனுவைப் பற்றிப் பேசுவார். பெல்வியூ சித்தப்பா வேடத்தை எடுத்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். அந்த 6 கோடியைக் குறைப்பதற்காகச் செலவைச் சுருக்கும் பட்டியலோடு உட்கார்ந்தார்கள். தரைக்கடியில் நிலையம் கட்டுவது செலவு பிடிக்கும் சமாச்சாரம்: ஆழமாகத் தோண்ட வேண்டும், லிஃப்ட், எஸ்கலேட்டர், காற்றோட்டம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். 2013-இல் நிலையத்தையே சுரங்கத்திலிருந்து வெளியே இழுத்து, நகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்தில், சுரங்கத்தின் வடக்கு வாசலில் திறந்த வெளியில் வைக்க முடிவானது. ஆக, சுரங்கத்துக்காக இவ்வளவு பேரம் பேசிய நகரத்துக்கு நிலத்தடி நிலையம் ஒன்றுகூட இல்லை. ரயில் நகர மையத்தின் அடியில் நுழைந்து, யாரையும் ஏற்றாமல் வெளியே வந்து, ஓரத்தில் நிற்கிறது.

இது தோல்வியா? நகர மையத்தின் மேற்குப் பகுதியில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள், அவர்கள் கூடுதலாக நடக்க வேண்டும். நான் பாதிக்குப் பாதி என்பேன். சாலைச் சந்திப்புகள் தப்பின, நகராட்சியின் செலவு அடங்கியது, 405 நெடுஞ்சாலையைத் தாண்டி வில்பர்டன் நிலையத்துக்கு ரயில் மேலேறிப் போவதும் எளிதானது. ஆனால் ஒரு ரயிலின் பயன் நிலையத்தில்தான் இருக்கிறது, சுரங்கத்தில் இல்லை. கார் ஓட்டுபவரின் வசதிக்குச் செலவழித்து, ரயிலில் வருபவரின் வசதியில் மிச்சம் பிடித்த முடிவு என்று ஒருவர் சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை.

ஒப்பந்தப் பேச்சு அதோடு முடியவில்லை. ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனையை பெல்வியூவின் பெல்ரெட் பகுதியில் வைக்க சவுண்ட் டிரான்ஸிட் முடிவெடுத்தபோது நகரம் முறுக்கிக்கொண்டது. நகரமாக வளர்த்தெடுக்க நினைத்த நிலத்தில் ஷெட்டா என்று கேட்டது. 2015-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: பணிமனை வரும், ஆனால் அந்த வளாகத்தின் ஒரு பகுதி நிலம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒதுக்கப்படும். அந்தச் சமயத்தில் பெல்வியூ மேயராக இருந்த கிளாடியா பால்டுச்சி சவுண்ட் டிரான்ஸிட் வாரியத்திலும் உறுப்பினர். 18 பேர் வாரியத்தில் 17 பேர் இப்படி அந்தந்த ஊர்களிலும் மாவட்டங்களிலும் தேர்வானவர்கள். மீதி ஒருவர் மாநிலப் போக்குவரத்துத் துறைச் செயலர். ஊர்களின் சார்பில் உட்காரும் உறுப்பினரை நியமிப்பது அந்தந்த மாவட்ட நிர்வாகத் தலைவர். ஆகவே ஒரு புறநகர் முதலில் வெல்ல வேண்டியது அந்த நாற்காலியை.

ஈஸ்ட் லிங்க்கின் மொத்தச் செலவு சுமார் 368 கோடி டாலர் என்று நிர்ணயமானது. பெரும்பகுதி உள்ளூர் வரிதான். மத்திய அரசிடமிருந்து கிடைத்த பெரிய உதவி மானியம் அல்ல, கடன்: 2015 ஜனவரியில் 133 கோடி டாலர், 2.38 சதவீத வட்டிக்கு.

சில்லறைக் காசின் வேலை

ரயில் பேரம் பத்திரிகையில் வரும். நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் அன்றாடம் நடப்பது வேறு, சின்னச் சின்ன மானியங்களைத் துரத்தும் வேலை.

மத்திய அரசின் சாலைப் பணம் நேராக நகராட்சிக்கு வராது. பெரிய நகர்ப்பகுதி ஒவ்வொன்றிலும் ஒரு வட்டாரத் திட்ட அமைப்பு இருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் வரும். சியாட்டில் வட்டாரத்துக்கு அது ‘புஜெட் சவுண்ட் ரீஜனல் கவுன்சில்’. ஒரு வேலை அந்த அமைப்பின் சில ஆண்டுகளுக்கான திட்டப் பட்டியலில் ஏறாவிட்டால், மத்திய அரசின் ஒரு டாலரும் அதற்குக் கிடைக்காது. பட்டியலில் ஏற எல்லா ஊர்களும் போட்டி போடும். எத்தனை வேலைவாய்ப்பு உள்ள இடத்தை இந்தச் சாலை இணைக்கிறது, பேருந்துக்குப் பயன்படுமா, காற்று மாசு குறையுமா என்று மதிப்பெண் போடுவார்கள். மாநில அளவில் ‘டிரான்ஸ்போர்ட்டேஷன் இம்ப்ரூவ்மெண்ட் போர்டு’ என்று ஒன்று தனியாக இருக்கிறது. பெட்ரோல் வரியில் காலனுக்கு மூன்று சென்ட் அளவிலான தொகை அதற்குப் போகிறது, அது நகரங்களின் தெருக்களுக்கு மானியமாகப் பிரிகிறது.

எந்த மானியமும் முழுச் செலவையும் தராது. வாஷிங்டனில் மத்திய சாலை நிதியின் வழக்கமான கணக்கு 86.5-க்கு 13.5. மீதி 13.5 சதவீதத்தை ஊர் போட வேண்டும். அதைவிட அதிகம் போடுகிறேன் என்று சொல்லும் ஊருக்கு முன்னுரிமை கிடைப்பதும் உண்டு. அந்தப் பங்கு கையில் இல்லாத ஊரால் விண்ணப்பமே போட முடியாது. பங்கு இருந்தும் வரைபடம் தயாராக இல்லாவிட்டாலும் சிக்கல். திடீரென்று பணம் வரும்போது ‘நாளைக்கே மண்வெட்டி எடுக்கலாம்’ என்று சொல்லும் ஊருக்கே அது போகும். அதனால் கெட்டிக்கார நகராட்சிகள், பணம் வருமா என்று தெரியாத சாலைக்கும் தங்கள் செலவில் பாதி வரைபடம் போட்டு, நிலம் எவ்வளவு வேண்டும் என்று அளந்து, அலமாரியில் தயாராக வைத்திருக்கும்.

பக்கத்து ரெட்மண்டில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 520 சாலையின் இரு பக்கமும் இருந்த மைக்ரோசாஃப்ட் வளாகங்களை இணைக்கும் மேம்பாலம். செலவு 3.65 கோடி டாலர் அளவில், பாதியை நிறுவனமே ஏற்றது. வேலை தயார் நிலையில் இருந்ததால் 2009-இல் மத்திய அரசின் பொருளாதார ஊக்கத் தொகையிலிருந்து 1.1 கோடி டாலர் அதற்குக் கிடைத்தது. நாடு முழுக்க வேலை போய்க்கொண்டிருந்த நேரத்தில் பில் கேட்ஸின் கம்பெனிக்குப் பாலமா என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதிப்படி பார்த்தால் அந்தப் பாலம் எல்லாத் தேர்விலும் தேறியது: பொதுச் சாலை, வரைபடம் தயார், உள்ளூர்ப் பங்கு தயார். காசுள்ள இடத்துக்குத்தான் இன்னும் காசு வரும் என்பது இந்த மானிய முறையின் பிறவிக் குணம்.

பெல்வியூ இந்தக் குணத்தை நன்றாகப் புரிந்துகொண்ட இடம் பெல்ரெட். நகர மையத்துக்கும் ரெட்மண்டுக்கும் நடுவே சுமார் 900 ஏக்கர் நிலம். ஒரு காலத்தில் கிடங்குகள், பட்டறைகள், சேஃப்வே நிறுவனத்தின் சரக்கு விநியோக மையம் என்று இருந்தது. ரயில் வருவது உறுதியானதும், 2009-இல் அங்கே உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தரும் புதிய மண்டல விதியை மன்றம் கொண்டுவந்தது. ஆனால் கிடங்குப் பகுதியில் தெருவே சரியாக இல்லை. பெரிய பெரிய மனைகள், நடுவே குறுக்குத் தெரு கிடையாது. ரயில் நிலையம் வந்தாலும் நடந்து போக வழி இருக்காது. ஸ்பிரிங் பூலவார்ட் என்ற புதிய சாலை, 120-ஆவது, 124-ஆவது அவென்யூக்களின் விரிவாக்கம் என ஒரு தெருவலையையே புதிதாகப் போட வேண்டியிருந்தது.

இதற்கான பணத்தைப் பல பக்கமிருந்து பின்னினார்கள். புதிய கட்டடம் கட்டுபவர், அந்தக் கட்டடத்தால் மாலை நேரத்தில் எத்தனை வண்டி கூடும் என்ற கணக்குப்படி போக்குவரத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். 1990-இல் வந்த மாநில வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் நகரங்களுக்கு இந்த உரிமையைத் தந்தது. கூடுதல் மாடி வேண்டும் என்றால் பூங்காவுக்கோ ஓடையைச் சீரமைக்கவோ பணம் தர வேண்டும். இதோடு மானியங்கள். இவ்வளவும் போதாததால் 2017-இல் மத்திய அரசின் போக்குவரத்துக் கடன் திட்டத்தில் 9.96 கோடி டாலர் வாங்கினார்கள். 1998-இல் தொடங்கிய அந்தத் திட்டம் பொதுவாக மாநில நெடுஞ்சாலை, பெரிய ரயில் போன்ற ராட்சத வேலைகளுக்கு என்றே பெயர் எடுத்தது. வட்டி மத்திய அரசு தானே கடன் வாங்கும் வட்டியை ஒட்டி இருக்கும், திருப்பிக் கட்ட 35 வருஷம்வரை கிடைக்கும், வேலை முடிந்து ஐந்து வருஷம்வரை தவணையைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. ஒரு புறநகர் நகராட்சி தன் தெருக்களுக்காக இதைப் பிடித்தது சாதாரண விஷயம் இல்லை. தெரு முதலில், கட்டடம் பிறகு, கட்டடத்தின் வரியிலிருந்து கடன் அடைப்பு என்பது கணக்கு. சேஃப்வே கிடங்கு இருந்த இடத்தில் இப்போது ஸ்பிரிங் டிஸ்ட்ரிக்ட் என்ற குடியிருப்பும் ஃபேஸ்புக்கின் அலுவலகங்களும் நிற்கின்றன. ஆனால் அலுவலகத்துக்கு வருவது குறைந்து வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்ட காலத்தில், கட்டட வேகம் நினைத்தபடி இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

உள்ளூர்ப் பங்குக்கான பணம் எங்கிருந்து? இங்கேயும் ஒரு கட்டு. வாஷிங்டனில் ஒரு நகரம் தன் சொத்து வரி வசூலை, புதிய கட்டடங்களின் வரவு நீங்கலாக, வருஷத்துக்கு 1 சதவீதம்தான் ஏற்ற முடியும். விலைவாசி 3 சதவீதம் ஏறினாலும் அதே 1 சதவீதம்தான். அதற்கு மேல் வேண்டுமானால் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். 2016 நவம்பரில் பெல்வியூ அதைச் செய்தது: நடைபாதை, சைக்கிள் தடம், குடியிருப்புச் சாலை நெரிசல் இவற்றுக்காக, 1,000 டாலர் சொத்து மதிப்புக்கு 15 சென்ட், 20 வருஷத்துக்கு. 10 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 150 டாலர். ஆண்டுக்குச் சுமார் 74 லட்சம் டாலர் வரும். ரயிலின் மூன்றாம் கட்ட வரியும் அதே வாக்குச்சீட்டில் இருந்தது, அது 1,000 டாலருக்கு 25 சென்ட் சொத்து வரியோடு வந்தது. இரண்டும் வென்றன.

கார்க்காரர்கள் அமைதியாக இருந்துவிடவில்லை. ரயிலுக்கான வாகன வரியைக் கணக்கிட 1990-களின் பழைய மதிப்பு அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். அது காரின் விலையைச் சந்தை நிலவரத்தைவிடக் கூடுதலாகக் காட்டியது. பில்லைப் பார்த்துக் கொதித்தவர்களின் ஓட்டு சேர்ந்து, 2019-இல் வாகனப் பதிவுக் கட்டணத்தை 30 டாலருக்குக் கட்டிப்போடும் மாநில வாக்கெடுப்பு வென்றது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பணத்தை இழந்துவிடுவோமோ என்று வட்டாரமே ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஓட்டுப் போட்டுக் கிடைத்த பணத்தை இன்னொரு ஓட்டு பறிக்கலாம்.

405 நெடுஞ்சாலைக்கு வழி வேறு. அது மாநிலச் சாலை என்பதால் தலைநகர் ஒலிம்பியாவில் போய் நிற்க வேண்டும். கிழக்குக் கரை ஊர்கள் தனித்தனியாகப் போகாமல் ஒரே பட்டியலோடு போவதை வெகு காலமாகப் பழகிவிட்டன. 405-இல் என்னென்ன செய்வது என்பதற்கான பெரிய திட்டத்தை 2002-இலேயே எல்லா ஊர்களும் மாநிலமும் ஒப்புக்கொண்டு வைத்திருந்தன. அதனால் 2015-இல் மாநிலம் பெட்ரோல் வரியை 11.9 சென்ட் ஏற்றி 1,600 கோடி டாலர் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தபோது, ரெண்டன் முதல் லின்வுட் வரையிலான 405 வேலைகளுக்கு 120 கோடி டாலருக்கு மேல் அதில் ஒதுக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பெல்வியூவுக்கு வடக்கே கட்டண விரைவுத் தடங்களும் திறந்தன. நெரிசல் கூடும்போது கட்டணமும் கூடும். முதல் மாதங்களில் மக்கள் திட்டித் தீர்த்தார்கள்.

ரயில் 2024 ஏப்ரல் 27 அன்று ஓட ஆரம்பித்தது, ஆனால் ஏரியைத் தாண்டி அல்ல. ஐ-90 பகுதியில் தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் மேடைகளில் குறை கண்டு பிரித்துக் கட்ட வேண்டியிருந்ததால், தெற்கு பெல்வியூவிலிருந்து ரெட்மண்ட் டெக்னாலஜி நிலையம் வரையிலான எட்டு நிலையங்களை மட்டும் முதலில் திறந்தார்கள். சீக்கிரம் திறக்கச் சொல்லி வாரியத்தில் அழுத்தம் கொடுத்தவர்களில் பால்டுச்சி முக்கியமானவர், அப்போது மாவட்ட மன்ற உறுப்பினர். 2025 மே மாதம் ரெட்மண்ட் நகர மையம்வரை நீண்டது.

இனி வரும் சண்டை பெட்ரோலைப் பற்றியது. 2025 ஜூலையில் மாநிலம் காலனுக்கு 6 சென்ட் ஏற்றி 55.4 சென்ட் ஆக்கியது. ஆனால் பெல்வியூ தெருவில் நின்று பார்த்தால் மின்சாரக் கார்கள் சாரை சாரையாகப் போகின்றன, அவை அந்த வரியில் ஒரு சென்ட்கூடக் கட்டுவதில்லை. பதிலுக்குத் தனிப் பதிவுக் கட்டணம் உண்டு. ஓட்டிய தூரத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கினால் என்ன என்று மாநிலம் 2018-19-இல் சுமார் 2,000 ஓட்டுநர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. அப்படி ஒரு கட்டணம் வந்தால், அது 1944-இன் அதே பூட்டுக்குள் போகுமா, இல்லை ரயிலுக்கும் பேருந்துக்கும் எடுக்கலாமா என்பதில்தான் வாதம் சூடாகிறது. நெடுஞ்சாலைக்காரர்கள் பூட்டு வேண்டும் என்கிறார்கள். பேருந்தையும் ரயிலையும் நம்பி மாடி மேல் மாடி கட்ட அனுமதி கொடுத்துவிட்ட ஊர்களுக்கு அந்தப் பணம் திறந்தே இருப்பதுதான் வசதி.